மழை பெய்த மறுநாள் வீடு பாருங்கள்

கேள்வி: எழும்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் சுமார்தான். கட்டுப்படியாகும் வாடகைக்கு எங்கே வீடு பார்க்கலாம்? (ஒரு வாசகி, விருதுநகர்)

பதில்: மின்சார ரயிலைப் பிடித்துத் தெற்கே போங்கள் அம்மா. மாம்பலத்தில் வாடகை மிரட்டும்; பல்லாவரம், குரோம்பேட்டை வந்தால் கொஞ்சம் இறங்கிப் பேசும். குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்றது குரோம்பேட்டை. பல்லாவரத்துக்கு வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய கட்டிலும் மின்விசிறியும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

மழை பெய்த மறுநாள் போய் வீடு பாருங்கள். தரகர் சொல்லாததைத் தெரு சொல்லிவிடும். தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் 2015 வெள்ளத்தில் பட்ட பாடு நினைவிருக்கும். படுக்கையறையை அளப்பதற்கு முன் குழாயைத் திறங்கள். போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா, அதற்குத் தனிக் காசா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். கரண்டுக்கு யூனிட் என்ன விலை என்பதையும் கேட்டுவிடுங்கள். வாடகையில் குறைத்ததை அங்கே வசூலிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு.

பத்து மாத அட்வான்ஸ் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். அநியாயமான வழக்கம். முதல் சம்பளமே வாங்காத பெண் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவாள்? 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதைக் கையில் வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.