கொழும்பு ***

எங்கள் வெள்ளவத்தைக் குசினியில் ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் மிளகாய்த்தூள். பால்மா டின்னுக்குள் மல்லி. லேபலை நம்பித் தேத்தண்ணி போட்டவர்கள் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. எறியப் போனால் அம்மா விடமாட்டார். "கிடக்கட்டும் தம்பி, ஒருநாளைக்கு உதவும்."

ஆகவே, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் கிடந்த எங்கள் பில்ட் கோப்பைத் துப்புரவாக்கச் சொல்லி அலுவலகத்தில் வேலை வந்ததும், வீட்டுக் கோபத்தை அங்கே தீர்க்கலாம் என்று பாய்ந்தேன். சூழல் மாறிகள் 43. பெயர்தான் மாறி, வருடக்கணக்காக ஒன்றும் மாறவில்லை. ஒரே பெயருக்கு மேலே முழுக் கோப்புக்கும் ஒரு பெறுமதி, நடுவில் ஜொப்புக்கு ஒன்று, அடியில் ஸ்டெப்புக்கு ஒன்று. அடியில் இருப்பதுதான் செல்லும். எங்கள் வீட்டிலும் அதே சட்டம்: அப்பா ஹோலில் இருந்து "சீனி வேண்டாம்" என்பார், முடிவு அம்மாவின் கரண்டியில்.

'ஓஃப்' என்றொரு மாறி, பெறுமதி 30. உடுப்புக்கடைக் கழிவு விற்பனை மாதிரி இருந்தது. அழித்தேன்.

அன்றிரவே பில்ட் விழுந்தது. பரிசோதனைக்கு வைத்திருந்த பற்றுச்சீட்டுகளில் திகதி பிழை. லொக்கைத் திறந்தால் 'வெள்ளவத்தை, கொழும்பு ***' என்று நட்சத்திரங்கள். அடுத்த வரியில் 'கொட்டாஞ்சேனை, கொழும்பு 13' பளிச்சென்று நின்றது. பக்கத்து மேசைக் கொட்டாஞ்சேனைக்காரன் எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான், உன்ட ஏரியா மட்டும் அரச ரகசியமா?"

ரகசியம்தான். கடவுச்சொற்களுக்கென்று உள்ள சீக்ரெட் பெட்டியில் எவரோ ஒரு மாறியைப் பூட்டியிருந்தார்கள். பூட்டிய பின் போட்டவருக்கே அது காட்டாது. லொக்கில் அந்தப் பெறுமதி எங்கே தலைகாட்டினாலும் நட்சத்திரம் போட்டு மூடிவிடும். மூடிய இடங்களைப் பார்த்தே பிடித்தோம்: பெறுமதி 6.

எதற்கு 6? 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டில், இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. கிரீன்விச்சுக்கு 6 மணித்தியாலம் முன்னால் என்று 2006 ஏப்ரல் வரை நாடு ஓடியது. பிறகுதான் பழையபடி ஐந்தரை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ராகுகாலமே இரண்டு: பழைய நேரத்துக்கு ஒன்று, புது நேரத்துக்கு ஒன்று. எங்கள் மென்பொருள் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். 2006இல் அதன் 6ஐத் தொட எவருக்கும் துணிவு வரவில்லை. பக்கத்தில் 30 நிமிடக் கழிவு ஒன்றை ஒட்டிவிட்டார்கள். இரண்டு பிழையும் சேர்ந்து இத்தனை வருடம் சரியான நேரம் காட்டியிருக்கின்றன. நான் ஒன்றை எறிந்தேன். மாதக் கடைசி இரவு 11.40க்குப் போட்ட சீட்டு அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது.

30ஐத் திருப்பி வைத்தேன். பில்ட் எழும்பியது.

"ரெண்டையும் தூக்கிட்டு நேர வலயம் 'ஏசியா/கொழும்பு' எண்டு ஒரே வரியில போட்டா முடிஞ்சுது மச்சான்" என்றான் கொட்டாஞ்சேனைக்காரன்.

"கிடக்கட்டும்" என்றேன்.