தொடாதீங்க சார்!

நான் சிக்கனக்காரன். வீட்டில் இதற்கு வேறு பெயர் உண்டு. அச்சில் ஏற்றுகிற பெயர் இல்லை. பிழைப்புக்கு ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் வாத்தியார். ஆகவே, திசுவிலிருந்து ஆர்.என்.ஏ. பிரிக்கிற அந்தச் சிவப்புத் திரவத்துக்கு வந்த விலைப்பட்டியலைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. "நாமே கலக்கிக்கலாம்மா" என்றேன் ஆய்வு மாணவியிடம். "சரி சார்" என்றாள், என் மனைவி "செய்ங்க, செய்ங்க" என்று சொல்லும் அதே குரலில்.

யோசனை ஒன்றும் என் மூளையில் உதித்ததில்லை. ஒரு காலத்தில் ஆர்.என்.ஏ. வேண்டுமென்றால் சீசியம் குளோரைடு கரைசல் மேல் திசுச் சாற்றை ஊற்றி, அசுர வேக சென்ட்ரிஃப்யூஜில் ராத்திரி முழுக்கச் சுற்றவிட வேண்டும். 1987-ல் ஹோம்சின்ஸ்கி, சாக்கி என்று இருவர் வந்து, குவானிடின் தயோசயனேட், அமில ஃபீனால், குளோரோஃபார்ம் மூன்றையும் சேர்த்து நாலு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். நாங்கள் கலக்கியது அந்த வழியில் வந்த பக்குவம்தான்: ஃபீனால் 38 சதவீதம், குவானிடின் தயோசயனேட் 0.8 மோலார், அம்மோனியம் தயோசயனேட் 0.4 மோலார், பி.எச். 5-ல் சோடியம் அசிட்டேட் 0.1 மோலார், கிளிசரால் 5 சதவீதம். அமிலம்தான் சூட்சுமம். பி.எச். 8 ஃபீனாலை ஊற்றினால் டி.என்.ஏ.வும் கூடவே மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அலமாரியில் இருந்தது எது என்கிறீர்கள்? அந்த 8-தான்.

சரியான ஃபீனால் வந்து, கலக்க உட்கார்ந்தோம். தயோசயனேட் உப்புகள் கரையும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பாட்டில் சில்லிட்டு, வெளிப்புறமெல்லாம் முத்து முத்தாக வியர்த்தது. மே மாதம், லேபில் ஏ.சி. கிடையாது. ஆசையாகக் கன்னத்தருகே கொண்டுபோனேன். "சார்! ஃபீனால் பட்டா தோல் வெந்துடும், முதல்ல வலிகூடத் தெரியாது" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அப்புறம் அதில் திசுவை அரைத்து, குளோரோஃபார்ம் சேர்த்து, குலுக்கி, 4 டிகிரியில் சுற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். மேலே தண்ணீரில் ஆர்.என்.ஏ., நடுவே வெள்ளையாக டி.என்.ஏ.வும் புரதமும், அடியில் ஃபீனால். கம்பெனிச் சரக்கில் சாயம் இருப்பதால் அடி அடுக்கு சிவப்பாக எடுத்துக்காட்டும். சாயத்துக்கு எதற்குக் காசு என்று நான்தான் தவிர்த்தேன். விளைவு, வெள்ளெழுத்துக்காரனுக்கு மேலும் தெரியவில்லை, கீழும் தெரியவில்லை. பிப்பெட்டை விட்டேன், நடு அடுக்கு நூலாக ஏறி வந்தது.

உண்மையான எதிரி ஆர்.என்.ஏஸ். ஆர்.என்.ஏ.வைத் துண்டாடும் இந்த நொதியைக் கொதிக்க வைத்தால், வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி தெம்பாக எழுந்து வரும். நாலு டைசல்பைடு பிணைப்புகள் போட்ட கட்டு அப்படி. குவானிடினுக்குள் இருக்கும்வரை வாலாட்டாது, ஆர்.என்.ஏ. அதிலிருந்து வெளியே வந்த பிறகுதான் ஆபத்து. தண்ணீரில் டெப்சி என்ற ரசாயனத்தை 0.1 சதவீதம் கலந்து, ஒரு ராத்திரி வைத்து, ஆட்டோகிளேவ் பண்ணி ஆர்.என்.ஏஸை ஒழித்துவிடலாம். என்னை ஆட்டோகிளேவ் பண்ண வழியில்லை. மனிதத் தோலிலேயே இந்த நொதி சுரக்கிறது. கிளவுஸ் போட்டுக்கொண்டேன். போட்ட கையோடு கண்ணாடியை ஏற்றினேன், கதவைத் திறந்தேன், போனை எடுத்து "மறக்காம வாங்கிட்டு வரேன்" என்றேன்.

ஆர்.என்.ஏ. சிதையாமல் வந்ததா என்று பார்க்க ஜெல் ஓட்டினோம். ஒரே பாட்டில் மருந்து, ஒரே திசு. அவளுடையதில் 28எஸ், 18எஸ் என்று இரண்டு பட்டைகள் கோடு கிழித்த மாதிரி. என்னுடையதில் அடிவரை ஒரே இழுவல். மருந்தின் மேல் பழி போடவும் வழியில்லை.

போகட்டும், கழுவியாவது தரலாமென்று ப்ளீச்சை எடுத்தேன். அலறினாள். குவானிடின் தயோசயனேட்டோடு ப்ளீச் சேர்ந்தால் விஷவாயு. அன்று சட்டம் போட்டுவிட்டாள்: "எதையும் தொடாதீங்க சார். டியூப் திறந்திருந்தா பேசாதீங்க, எச்சில்லயும் ஆர்.என்.ஏஸ் இருக்கு. ஓரமா உட்காருங்க."

வீட்டில் வந்து புலம்பினேன். மனைவி முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இதைப் புரிஞ்சுக்க எனக்குப் பாதி ஆயுசு போச்சு. அந்தப் பொண்ணு அதுக்குள்ள கண்டுபிடிச்சிருக்கா. சீக்கிரமா டாக்டர் பட்டத்தைக் கொடுத்துடுங்க."