அடி ஒரு புலம், அண்ணாமலை மறு புலம்

திருவண்ணாமலை மலைக்கு மேற்கே, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையில் அமைந்த அடி அண்ணாமலை என்ற ஊரைப் பௌர்ணமி இரவில் வலம்வரும் பக்தர்கள் தவறவிடுவதில்லை. 1979-இல் வெளிவந்த யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலிருந்து புழக்கத்தில் உள்ள 'ஜாயின்' என்னும் கட்டளையோ சற்றும் தயங்காமல் தவறவிடும். இரண்டு உரைக் கோப்புகளுக்குப் பொதுவான ஒரு புலத்தை, அதாவது வரியின் ஒரு கூற்றை, ஆதாரமாகக் கொண்டு வரிகளை இணைக்கும் இக்கட்டளை, வேறு குறி சொல்லப்படாதவரை இடைவெளியையே புலத்தின் எல்லையாகக் கொள்வதால், ஊர்ப்பெயரையும் மக்கள்தொகையையும் வரிசையாகத் தரும் ஒரு கோப்பில் 'அடி' என்பதை ஊராக ஏற்று, மக்கள்தொகை இருக்கவேண்டிய இரண்டாம் புலத்தில் அண்ணாமலையாரையே அமர்த்திவிடுகிறது. மற்றொரு கோப்பில் எழுத்தர் 'அடிஅண்ணாமலை' என்று சேர்த்து எழுதியிருந்தாலோ, இணை கிடைக்காத அந்த வரி ஓசையின்றி விடுபடும் (விடுபட்டதைக் காட்டும் வசதி உண்டு, ஆனால் கேட்டால்தான் காட்டும், இவ்வகையில் அது அலுவலக மரபுக்கு அந்நியமன்று). இரு கோப்புகளும் முன்கூட்டியே வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. இச்சங்கடத்தை முன்னுணர்ந்தோ என்னவோ, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்கக் குறியெண் வழங்கியது. ஊர்ப்பெயரை நான்கு விதமாகத் தட்டச்சு செய்ய அலுக்காதவர்கள், அந்த எண்ணுக்குரிய கட்டத்தை மட்டும் வெற்றாக விடுவதில் தனித் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள்.