மலையிறங்கும் மின்சாரக் கார்

கேள்வி: நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் மின்சாரக் காரில் புகையும் இல்லை, தூசும் இல்லை என்கிறார்களே?

பதில்: புகை இல்லை, தூசு உண்டு. பிரேக் கட்டை தட்டில் உராயும்போதெல்லாம் இரும்பும் செம்பும் கலந்த நுண்துகள் பறக்கும். மின்சாரக் காரில் இது வெகுவாகக் குறைகிறது. சரிவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தை இழுத்துப் பிடித்தபடியே பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் மலையிறங்கி லக்சபான மின்நிலையத்தில் செய்யும் வேலைதான் இதுவும். அதன் வரவு மின்கட்டமைப்புக்கு, இதன் வரவு ஓட்டுநருக்கு. 1,500 கிலோ கார் 1,400 மீட்டர் இறங்கினால் கணக்குப்படி 5.7 யூனிட். காற்றும் சாலையும் தங்கள் பங்கை எடுத்தது போக மிச்சம்தான் பேட்டரிக்கு.

நுவரெலியாவிலேயே பேட்டரியை வழிய வழிய நிரப்பிக்கொண்டு புறப்படுகிறவருக்கு இந்த வரவு கிடையாது. நிரம்பிய பேட்டரியில் மின்சாரத்துக்கு இடமில்லை. வளைவுக்கு வளைவு பிரேக் கட்டையே தேய வேண்டும். பிரேக்கே மிதிக்காமல் ஓட்டினாலும் ஆபத்து இல்லாமல் இல்லை: மழையும் பனிமூட்டமும் தட்டில் துருவேற்றிவிடும்.

டயர் விஷயத்தில் பேட்டரியின் எடை பாதகமானது. பாரம் கூடக்கூட ரப்பர் அதிகம் தேயும். மோட்டார் பிடித்தாலும் பிரேக் பிடித்தாலும் சாலையோடு மல்லுக்கட்டுவது டயர்தான். மீண்டும் பிரேக் தூசுக்கு வந்தால், 2024இல் ஏற்கப்பட்ட ஐரோப்பாவின் யூரோ 7 வாகன மாசு விதி அதற்கும் வரம்பு கட்டியது: மின்சாரக் காருக்கு கிலோமீட்டருக்கு 3 மில்லிகிராம், பெட்ரோல் காருக்கு 7.