பத்தாயிரம் மாமா

மலாக்காவில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் இவர் கண்ணில் படுவார். ஜாசினில் ஒருவர், மெர்லிமாவில் ஒருவர், டுரியான் துங்கலில் ஒருவர். அலோர் காஜாவில் இரண்டு பேர். அந்த இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஈபிஎஃப் பணம் வந்து, அதில் பாதி வீட்டு முன்புறம் கூரை இழுத்ததில் கரைந்திருக்கும். மகளுக்குக் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை. போன தீபாவளிக்கு வந்தவள் அப்பாவின் இடது மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையை மாட்டி, அதைக் கைப்பேசியோடு இணைத்து, “இனிமே உங்க ஹெல்த் உங்க கையிலப்பா” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து மாமாவிடம் நலம் விசாரித்தால் பதில் எண்ணில்தான் வரும்.

“மாமா, நல்லா இருக்கீங்களா?”

“ஆறாயிரத்து எழுநூறு. இன்னும் கோயிலுக்குப் போகல.”

மாமா நடக்கத் தொடங்கியதை நான் கேலி செய்ய மாட்டேன். 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4 சதவீதம். அரசாங்க கிளினிக்கில் மிஸ்ஸி மாமாவின் விரலைக் குத்தி, மீட்டரைப் பார்த்து, பிறகு மாமாவின் வயிற்றைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால்கூட மாமா தாங்கியிருப்பார்.

ஆகவே விடிகாலையிலேயே மாமா திடலில் ஆஜர். மேலே ஏதோ கோயில் கும்பாபிஷேகத்துக்கு அடித்த டீ-சட்டை, கீழே மகன் விட்டுப்போன காற்சட்டை, காலில் புதுச் சப்பாத்து. நாலு சுற்று முடிந்ததும் ஒட்டுக்கடை. “தம்பி, தே ஓ கோசோங்!” என்று அவர் கேட்பது அடுத்த தாமான் வரை கேட்கும். தேத்தண்ணியில் சீனி இல்லை என்பது ஊருக்குத் தெரிய வேண்டுமல்லவா? அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ரொட்டி சானாய் ரெண்டு, கறி பாஞ்சிர்.” பட்டை நடையைத்தான் எண்ணும், ரொட்டியை எண்ணாது. அந்தச் சாமானில் மாமாவுக்கு மிகவும் பிடித்தது இந்தப் பெருந்தன்மைதான்.

நாளுக்குப் பத்தாயிரம் அடி என்பதைத் திருமூலரே விதித்ததாக மாமா நம்புகிறார். உண்மையில் அதை விதித்தது ஒரு ஜப்பான் கடிகாரக் கம்பெனி. 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக் நடந்து, ஜப்பானியர்களுக்கு உடற்பயிற்சி ஆசை பிடித்திருந்த நேரம். மறு வருஷமே யாமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைமானி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் என்பதை அதன் பெயரிலேயே வைத்தார்கள். உருண்டையான எண், நன்றாக விற்றது. 2019-இல் அமெரிக்காவில் வயதான பதினாறாயிரத்துச் சொச்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் நடந்தவர்களுக்கு ஆயுளில் கூடுதல் பலன் ஏதும் தெரியவில்லை. இதை மாமாவிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, “அது பொம்பளைங்களுக்கு” என்றார். ஆய்வு பெண்களைப் பற்றியதுதான் என்பதால் எனக்கும் மறுத்துப் பேச வழியில்லை.

பட்டை எப்படி எண்ணுகிறது என்பது வேறு கூத்து. அதற்குக் காலைப் பற்றி ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கும் முடுக்கமானி கையின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் கால் நடந்ததாக முடிவு கட்டுகிறது. கை சும்மா இருந்துவிட்டால் நடந்ததில் பாதியை விழுங்கிவிடும். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு மாமா பால்குடம் எடுத்தார். இரண்டு கையும் தலைமேல் குடத்தைப் பிடித்தபடி, தார் சுடச்சுட வெறுங்காலோடு நடந்து முடித்துவிட்டுப் பட்டையைத் திருப்பிப் பார்த்தால், பேருக்கு ஏதோ ஒரு தொகை காட்டியது. ஆண்டவன் கணக்கில் ஏறியிருக்கும் என்று பூசாரி ஆறுதல் சொன்னார். ஆண்டவன் கணக்கை மாமாக்களின் வாட்ஸாப் குழுவில் எப்படிப் போடுவது?

அலோர் காஜா சண்டையும் இதனால் வந்ததுதான். அங்குள்ள இரண்டு பத்தாயிரம் மாமாக்களில் ஒருவர் உருமி மேளக் குழுவில் அடிப்பவர். திருவிழா நாளில் நின்ற இடத்தில் நின்று அடித்தே பத்தாயிரத்தைத் தாண்டி, திரையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டார். இன்னொருவர் அன்று முழங்கால் வலியோடு நிஜமாகவே நடந்து எட்டாயிரத்தில் நின்றவர். இரவு பத்து மணிக்குக் குழுவை விட்டு வெளியேறினார்.

நள்ளிரவு பன்னிரண்டுக்கு எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். மீதியை நாளைக்குக் கட்டுகிறேன் என்றால் பட்டை கேட்காது. ஒருநாள் பதினொன்றே முக்காலுக்கு முந்நூறு அடி குறைந்தது. மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையில் இறங்கி, இந்த விளக்குக் கம்பத்துக்கும் அந்த விளக்குக் கம்பத்துக்குமாகக் கையை வீசி நடந்தார். நாய்கள் குரைத்தன. ரூக்குன் தெத்தாங்கா இளைஞர்கள் இருவர் மோட்டாரில் வந்து நின்றார்கள்.

“அங்கிள், என்ன தேடுறீங்க?”

“முந்நூறு தம்பி.”

“வெள்ளியா? எங்க விழுந்துச்சு?”

நல்ல பிள்ளைகள். மாமா விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு டார்ச்சும் கால்வாய்க்குள் பாய்ந்துவிட்டன.

இதெல்லாம் ஊர் அறிந்த மாமா. ராத்திரி மாமாவை அறிந்தவர் அத்தை மட்டும்தான். பட்டை தூக்கத்தையும் அளக்கும் என்று மகள் சொல்லி வைத்ததிலிருந்து, குளிக்கும் நேரம் தவிர மாமா அதைக் கழற்றுவதில்லை. முதல் நாள் நடுச்சாமம் அத்தை கண் விழித்தபோது அறைக்குள் யாரோ டார்ச் அடிப்பது தெரிந்தது. கூரை வெளுத்தது, இருண்டது, மறுபடியும் வெளுத்தது. திருடன்தான் என்று நினைத்து மாமாவை உலுக்கினார். உலுக்கியதில் இன்னும் பிரகாசமாக எரிந்தது.

திறந்திருந்த கதவு வழியாக மாமாவின் அம்மா பார்த்தது வேறொன்று. போர்வைக்குள்ளிருந்து பச்சையாக ஒரு வெளிச்சம் மினுங்கியிருக்கிறது. கிழவிக்கு எண்பத்தெட்டு வயது, தோட்டத்தில் வளர்ந்தவர். இருட்டில் பச்சை வெளிச்சம் என்றால் அது யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் காலை, முனியாண்டிக்கு நேர்ந்த சேவல் பாக்கி இருக்கிறதா என்று விசாரணை நடந்தது. ஒரு கட்டு சுருட்டாவது வாங்கி வைத்துவிடச் சொன்னார்.

முனியாண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் பாய்ந்து வடிவதால் திரும்பி வரும் ஒளி கூடிக் குறையும்; அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் பட்டை இதயத்துடிப்பைச் சொல்கிறது. பட்டை தளர்ந்திருந்தால் அந்தப் பச்சை வெளியே கசியும். மேல்திரை எரிவது வேறு வேலை. கையைத் திருப்பினால் மணி பார்க்கத்தான் திருப்புகிறார் என்று அது எடுத்துக்கொள்ளும். மாமா இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் புரள்வதும், கொசுவை அடிப்பதும், கனவில் யாரையோ கை நீட்டித் திட்டுவதும் அதற்கு ஒன்றுதான். உடனே விளக்கு. போதாததற்குத் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் ஒருவர் அங்கே பத்தரை மணிக்கு அனுப்பும் ‘இனிய இரவு’ இங்கே சரியாக ஒரு மணிக்கு வந்து இறங்கும். ரோஜாப்பூ படத்தோடு.

எரிந்தால் விழிப்பு வந்துவிடும். வந்தால் மாமா என்ன செய்வார்? இதுவரை எப்படித் தூங்கினேன் என்று பார்ப்பார். ஆழ்ந்த தூக்கம் போதவில்லை என்று அது காட்டும். போதவில்லையே என்ற கவலையில் அடுத்த ஒரு மணி நேரம் தூக்கம் வராது. கண்ணை மூடி, மூச்சை அடக்கி, அசையாமல் கிடப்பார். அசையாமல் கிடந்தால் பல நேரம் அதையும் தூக்கம் என்றே பட்டை எழுதிக்கொள்ளும். மூளையின் அலைகளைப் பார்த்துத் தூக்கத்தை அளக்க அது ஒன்றும் ஆய்வகம் இல்லையே. விடிந்ததும் சிவந்த கண்ணோடு, “ஏழு மணி நேரம் தூங்கியிருக்கேன்” என்பார். வேறொரு நாள் குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து, உற்சாகமாகப் பல் துலக்கப் போனவர், மதிப்பெண் குறைவாக இருப்பதைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். உடம்பெல்லாம் அசதி என்றார்.

மாமா மட்டும் இப்படி இல்லை. 2017-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் இதை ஒரு தொல்லையாகவே பதிவு செய்து, ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயரும் வைத்தார்கள். அவர்களிடம் வந்த ஒருவருக்கு ஆய்வகத்தில் மின்முனைகளை ஒட்டிச் சோதித்து, நன்றாகத்தான் தூங்குகிறீர்கள் என்று சொன்ன பிறகும் நம்பிக்கை வரவில்லை. தன் பட்டையைத்தான் நம்பினார்.

கிழவிக்கு இந்தப் பட்டை புரியாததற்கு நியாயம் உண்டு. மலாயாவில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் இந்த மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், 1896-இல், டான் சே யான் போட்டது. அதிலிருந்து எங்கள் ஆட்கள் இங்கே எண்ணப்பட்டே வாழ்ந்தார்கள். விடியுமுன் பெரட்டு; கிராணி செக்ரோலைப் பிரித்துப் பேர் வாசிப்பார். குளிர்ச்சி போவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நானூறு, ஐந்நூறு மரம். பிறகு அதே நிரையில் திரும்பி நடந்து கோப்பைகளிலிருந்து பாலை ஊற்றி, வாளி சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். மரத்துக்குக் கணக்கு இருந்தது, பாலுக்குக் கணக்கு இருந்தது. அடிக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. வைத்திருந்தால் இன்றைய வாட்ஸாப் குழுக்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

“அவ்ளோ தூரம் நடந்தியே, யாருடா சம்பளம் குடுக்கறா?” என்று கிழவி ஒருநாள் கேட்டார்.

“சம்பளம் இல்லம்மா. ஒடம்புக்கு.”

“அப்ப எதுக்குடா கணக்கு?”

மாமா தூக்கக் கணக்கையும் எடுத்து விளக்கினார். கிழவி வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “எங்க கிராணி பொல்லாதவன். அவன்கூட ராத்திரியில லயத்துக்குள்ள வந்து நாங்க தூங்கறோமான்னு எட்டிப் பார்த்ததில்ல. நீ காசு குடுத்து ஒரு கிராணிய வாங்கி, கையில கட்டிக்கிட்டுப் படுக்கற.”

காசு கொடுத்தது மகள் என்று மாமா திருத்தவில்லை. பட்டை இதயத்துடிப்பு 94 என்று காட்டியது.

பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன்தான் விளக்கைத் தீர்த்து வைத்தான். கைப்பேசியில் எங்கேயோ போய், கையைத் தூக்கினால் திரை எரியும் வசதியை இரவு பத்து முதல் காலை ஆறு வரை நிறுத்தினான். தூங்கும் நேரத்தில் செய்தி வந்தால் சத்தமும் வெளிச்சமும் கூடாது என்று இன்னொரு பொத்தான். பட்டையை ஒரு துளை இறுக்கிக் கட்டினான்; பச்சையும் அடங்கியது. அத்தை அவனுக்கு ஐந்து வெள்ளி கொடுத்தார். அன்று இரவு இரண்டு மணிக்கு மாமா பழக்கத்தில் கையைத் தூக்கினார், இருட்டு. மறுபடி தூக்கினார், இருட்டு. தலைமாட்டில் இருந்த டார்ச்சை எடுத்துப் பட்டையின் மேல் அடித்துப் பார்த்தார். அத்தை எழுந்து தலையணையோடு கூடத்துக்குப் போய்விட்டார்.

இதைக் கேள்விப்பட்ட மகள், அடுத்த முறை வரும்போது அம்மாவுக்கும் ஒன்று வாங்கி வந்தாள். அத்தை அன்று கேட்டைத் தாண்டவில்லை. சமைத்தார், துவைத்தார், கொடியில் போட்டார், எடுத்தார், வாசல் கழுவினார், மாமியாருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார், பலமுறை. மத்தியானம் ஒரு மணிக்கு அவருடைய பட்டை நடுங்கி வாணவேடிக்கை காட்டியது. என்ன இது என்று மாமாவிடம் நீட்டினார். பத்தாயிரம். மாமாவின் கையில் அப்போது நாலாயிரத்துச் சொச்சம்.

“இது பழுது. நீ மாவு பெசஞ்சது, தேங்கா துருவினது எல்லாத்தையும் நடையா எழுதியிருக்கு” என்றார் மாமா, தொழில்நுட்பம் தெரிந்தவராக.

“அப்ப நீங்களும் துருவுங்க” என்று அத்தை துருவியை அவர் முன்னால் தள்ளினார்.

வீம்புக்கு உட்கார்ந்தவர், பட்டையை வலது கைக்கு மாற்றிக் கட்டிக்கொண்டு ஒரு மூடியைத் துருவி முடித்தார். எண்ணைப் பார்த்தார். இன்னொரு மூடி கேட்டார்.

இப்போது எங்கள் தாமானில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் தேங்காய் துருவ மாமாதான், கூலி கிடையாது. இரவில் அவர் சாலையில் இறங்குவதும் இல்லை. பதினொன்றே முக்காலுக்கு முந்நூறு குறைந்தால், மறுநாள் சட்னிக்கென்று அத்தை இரண்டு தேங்காயை உடைத்துத் தயாராக வைத்திருக்கிறார்.