அப்புச்சி சொல்ற மேற்படிப்பு

ஏங்கண்ணு, எமர்ஜென்சி எம்டி முடியப் போவுதாமா? அடுத்து எதைப் படிக்கறதுன்னு முழிக்கிறேன்னு உங்கம்மா சொன்னா. எட்டாவதோட நின்ன அப்புச்சிகிட்டக் கேக்கறதுக்குக் கூச்சப்படாதே. பொண்ணு பாக்கறதுல இருந்து போர் போடற எடம் வரைக்கும் இந்த ஊருக்கு யோசனை சொன்னது நான்தான். தண்ணி வந்துச்சான்னு மட்டும் யாரையும் கேட்டுப்போடாதே.

உன்ர படிப்பே சின்ன வயசுப் படிப்பு சாமி. அமெரிக்காக்காரன் 1970-ல சின்சினாட்டியில ஆரம்பிச்சு, 1979-லதான் அதைத் தனித்துறைன்னு ஒத்துக்கிட்டான். நம்ம மெடிக்கல் கவுன்சில் ஒத்துக்கும்போது 2009 ஆயிருச்சு. அதனாலதான் கல்யாண வீட்டுல "எமர்ஜென்சி டாக்டர்"னு நீ சொன்னா, "அது செரி, எதுக்கு ஸ்பெசலிஸ்ட்?"னு மறுபடியும் கேக்கறாங்க.

அந்த வாயை அடைக்கோணும்னா டிஎம் கிரிட்டிக்கல் கேர் எடுத்துக்க. நீட் எஸ்எஸ் எழுதோணும், இன்னும் மூணு வருசம் படிக்கோணும், உன்ர எம்டிக்கும் அதுல எடமுண்டு. ஐசியூ சுகமான எடம். பாதிப் பேரு தொண்டையில குழாயோட இருப்பான், எதுத்துப் பேச மாட்டான். சொந்தக்காரனுக்குப் பார்வை நேரமுன்னு ஒண்ணு வெச்சிருக்கறாங்க. எமர்ஜென்சி வாசல்ல அப்படி ஏதாச்சும் நேரங்காலம் உண்டா?

சீமைக்குப் போற ஆசை இருந்தா லண்டன் ராயல் காலேஜோட எம்ஆர்சிஇஎம் பரீட்சை எழுது. அமெரிக்கா போனா இன்னும் விசேசம். விளையாட்டுல அடிபட்டவனுக்கு ஒரு படிப்பு, தீராத வலிக்கு ஒண்ணு, கடலுக்கடியில முங்கறவனுக்கு வர்ற நோவுக்குங்கூட ஒண்ணு. தாராளமாப் படி. நம்ம காங்கயத்துல கடலுக்குள்ள முங்கறவன் எத்தனை பேருன்னு எண்ணிப்போட்டு அப்ளிகேசன் போடு.

ஆனா விசத்துக்குன்னு ஒரு படிப்பு இருக்குது பாரு, டாக்ஸிகாலஜி, அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுத்தறாதே. அமெரிக்காவுல 1992-லயே அதைத் தனிப்பிரிவாக்கிட்டாங்க. இருந்தாலும் உனக்கு அதுல என்ன மதிப்பு? கார்ல வர்ற பெரிய மனுசனா வரப்போறான்? வெள்ளாமை பொய்த்துப் பூச்சிமருந்தைத் தொட்டவன் வருவான். எலி பேஸ்ட் தின்ன புள்ளை வரும். மொத நாள் தெளிவா உக்காந்து இட்லி கேக்கும், "நல்லாத்தான இருக்குது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்"பாங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு ஈரல் கெட்டுப் போய்த் திரும்ப வரும். அன்னைக்கே போக விடாம நிறுத்தி வெக்கறதுக்குத் தெரிஞ்ச டாக்டர் வேணும்.

இன்னொருத்தன் வெறுந்தரையில படுத்திருப்பான், விடியக்காலம் வயித்து வலின்னு வருவான். கடிவாயே தெரியாது. கண்ணு ரெப்பை சொருகறதைப் பாத்துப்போட்டு "ராத்திரி எங்க படுத்திருந்தே?"ன்னு கேக்கத் தெரிஞ்சவன் கட்டுவிரியனைப் புடிச்சிருவான். கேக்காதவன் வயித்துக்கு மாத்திரை எழுதிக் குடுப்பான். நீ ஏத்தற விசமுறி மருந்துக்கு விசம் எடுத்துக் குடுக்கறது 1978-ல ஆரம்பிச்ச, பாம்பு புடிக்கற இருளர் சொசைட்டி. அவங்க பேருக்குப் பின்னால டிகிரி கிடையாது. வேலை தெரியும், அவ்வளவுதான்.

குழந்தைக அவசரத்துக்குத் தனிப் பயிற்சி இருக்குது. ஸ்கேன் மிசினை வயித்து மேல வெச்சு உள்ள ரத்தம் கசியுதான்னு பாக்கறதுக்கும் இருக்குது. ரெண்டும் நல்ல தொழில்தான். போர்டுல எழுதினா அத்தனை பெருசாத் தெரியாது, அதையும் யோசிச்சுக்க.

எதுன்னு எங்கிட்டக் கேக்காதே. போன மாசம் ராத்திரி ட்யூட்டியில எந்தக் கேசைப் பாத்து உனக்குக் கை நடுங்குச்சோ, அதைப் போய்ப் படி. கல்யாண வீட்டுக்காரனுக்கு என்ன சொல்றதுங்கறதை எங்கிட்ட விட்டுரு, நான் பாத்துக்கறேன்.