முன்பதிவு மாமா

காலை 7:50-க்கு எதிர்வீட்டில் மிக்ஸிச் சத்தம் பாதியில் நின்றால், மாமா டிக்கெட் போடுகிறார் என்று அர்த்தம். குளித்து, பட்டையாக விபூதி இட்டு, முன்னால் லேப்டாப், பக்கத்தில் போன். பாதி அரைபட்ட தேங்காயும் பொட்டுக்கடலையும் ஜாருக்குள்ளேயே காத்திருக்கும். மிக்ஸிக்கும் ரயில்வே சர்வருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதை மாமி நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

ரயில் முன்பதிவு, பயணத்துக்கு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 அக்டோபர் முடிய அது 120 நாளாக இருந்தது. குறைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று மாமா, பாகப்பிரிவினையில் பாதி வயலைப் பங்காளிக்கு எழுதிக் கொடுத்தவர் மாதிரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "நாலு மாசம் டிக்கெட்டைக் கையில வச்சு அழகு பார்க்கலாம்ப்பா. இனிமே ரெண்டே மாசத்துல கிளம்பித் தொலைக்கணும்" என்றார். ஊருக்குப் போவது அவரைப் பொறுத்தவரை, கையிலிருக்கும் நல்ல டிக்கெட்டைச் செலவழிக்கிற காரியம்.

தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கல்லறை மாடத்துக்குள் போகத் தனியாக 200 ரூபாய் என்பதெல்லாம் கேட்காமலே சொல்வார். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டுக்கு, ஆறு வாரம் கழித்து வரும் நாட்களின் டிக்கெட்டைச் செவ்வாய்க்கிழமைதோறும் விடுகிறார்கள் என்பதும் தெரியும். பாஸ்போர்ட் கிடையாது.

ஊட்டி மலை ரயிலுக்கு டிக்கெட் போட்ட பங்குனிக் காலையில் நானும் கூட இருந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஊர்ந்து ஏறும் ரயில். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக்கியது. பெட்டிகள் சில, கூட்டமோ மலையளவு. 7:59-க்கு மாமா மூச்சை அடக்கினார். எட்டு அடித்ததும் திரையில் கோணல்மாணலாக ஐந்தாறு எழுத்துகள்.

"இது ஓவா, பூஜ்யமா?"

"ஓ மாதிரிதான் இருக்கு மாமா."

"மாதிரியா? இதுல என்ன மாதிரி!"

அடுத்தது ஓடிபி. அது பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளையின் போனுக்குப் போகும். அந்த மனிதர் 7:45-லிருந்து லைனில் நிற்கிறார். நாலு பேருக்கும் சீட் உறுதியானதும் மாமா கண்ணை மூடிக்கொண்டார். சமையலறையில் மிக்ஸிக்கு உயிர் வந்தது.

சும்மா இருப்பாரா? நீலகிரிக்கு வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டுமென்று 2024 மே மாதத்திலிருந்து ஏற்பாடு. ரயிலில் போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. ஆனால் இலவசம். பேட்டரி செத்து வாசலில் நிற்கும் பழைய மாருதியின் நம்பரைப் போட்டு அதையும் எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டு பிரதி.

மே கடைசியில் கிளம்பினோம். காலை 7:10-க்கு ரயில் புறப்பட்டது. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்லைக் கடித்து ஏற, பின்னாலிருந்து நீராவி இன்ஜின் முக்கி முனகித் தள்ள, இடப்பக்கம் பள்ளத்தாக்கு விரிந்தது. பெட்டியே "ஆ" என்றது. மாமா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்து "ஐயோ!" என்றார்.

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போக டிக்கெட் போட வேண்டும். அன்றைக்குத்தான் அறுபதாம் நாள். மணி 7:56. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

நாள் கணக்கில் பிசகாதவர், அந்த மணிக்குத் தான் எங்கே இருப்போம் என்று மட்டும் யோசிக்கவில்லை. எழுந்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போனை வானத்துக்குக் காட்டினார். குகைக்குள் ரயில் நுழைந்தபோதுதான் கையை உள்ளே இழுத்தோம். வெளிச்சம் வந்ததும் மறுபடி நீட்டினார். பின்சீட்டுப் பையன், "அங்கிள், கொஞ்சம் கையை எடுங்க, வியூ மறைக்குது" என்றான்.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றபோது எங்கிருந்தோ ஒரு கோடு சிக்னல் வந்தது. எட்டரை தாண்டிவிட்டது. வெயிட்டிங் லிஸ்ட்.

மாமி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். குரங்குகள் எட்டிப் பார்க்க, சட்னியைத் தொட்டுக்கொண்டே நிதானமாகக் கேட்டாள்:

"ஏங்க, இங்க யாரு மிக்ஸி போட்டா?"